கம்ப்யூட்டர் அடிக்கடி கிராஷ் ஆகுதா? ஃபார்மட் போடுறதுக்கு முன்னாடி ரேமைப் பாருங்க

தண்டையார்பேட்டை, ராயபுரம், கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி, திருவொற்றியூர் பக்கம் வீட்லயும் சின்ன கடைலயும் சிஸ்டம் வெச்சிருக்கவங்க திரும்பத் திரும்ப கேக்குற கேள்விங்களை இங்க ஒண்ணா சேத்திருக்கேன். கிராஷ் ஆனா எல்லாரும் முதல்ல ஓடுறது ஃபார்மட்டுக்குத்தான், ஆனா கெட்டுப்போன ரேமை, அதாவது சிஸ்டம் ஓடும்போது டேட்டாவை தற்காலிகமா வெச்சுக்குற மெமரியை, உள்ள வெச்சுக்கிட்டு ஃபார்மட் பண்ணா காசும் போகும், சில சமயம் டேட்டாவும் போகும். முதல்ல பேக்கப் (கெட்ட ரேம் வழியா போகாம எப்படி எடுக்கறதுன்னு கீழ சொல்றேன்), அடுத்து ரேம் டெஸ்ட், ஃபார்மட் எல்லாம் ரொம்பக் கடைசி. இந்த வரிசை மாறாம இருந்தா போதும்.

நீலக் கலர்ல ஸ்கிரீன் வந்து சோகமா ஒரு முகம் போட்டு தானா ரீஸ்டார்ட் ஆகுது. வைரஸ் வந்துடுச்சா?

பெரும்பாலும் வைரஸ் இல்ல. விண்டோஸோட அடிப்படையான கெர்னல் பகுதில ஏதோ நடக்கக்கூடாதது நடந்துடுச்சு, இதுக்கு மேல ஓடவிட்டா ஃபைல் எல்லாம் நாசமாகும்னு விண்டோஸே முடிவு பண்ணி வேணும்னே தன்னை நிறுத்திக்குது, அதுதான் அந்த ஸ்கிரீன். 2025-ல வந்த அப்டேட்டுக்கு அப்புறம் விண்டோஸ் 11-ல இது கறுப்பா மாறிடுச்சு, அதனால கறுப்பு ஸ்கிரீன்ல ஸ்டாப் கோட்னு, அதாவது எந்த மாதிரி கோளாறுன்னு சொல்ற பேரோட, எழுத்து வந்தா அதுவும் இதேதான். காரணம் டிரைவரா (வைஃபை, டிஸ்ப்ளே மாதிரி பார்ட்டை விண்டோஸோட பேச வைக்கிற சாஃப்ட்வேர்) இருக்கலாம், ரேமா இருக்கலாம், ஹார்ட் டிஸ்க், எஸ்எம்பிஎஸ் (உள்ள கரண்ட் குடுக்குற பெட்டி), சூடு, எது வேணா இருக்கலாம்.

முதல் வேலை, அந்த ஸ்கிரீனை போன்ல போட்டோ எடுங்க. படிக்கறதுக்குள்ள ரீஸ்டார்ட் ஆகுதுன்னா, அட்வான்ஸ்டு சிஸ்டம் செட்டிங்ஸ் போயி ஸ்டார்ட்அப் அண்ட் ரிக்கவரில ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட்ங்கற டிக்கை எடுத்துடுங்க, அப்புறம் நீங்க பவர் பட்டனை அழுத்துற வரைக்கும் அப்படியே நிக்கும். எந்த தேதி, எத்தன மணி, அப்ப என்ன ஓடிட்டு இருந்துச்சுன்னு ஒரு பேப்பர்ல எழுதி வெச்சுக்கிட்டே வாங்க. பின்னாடி யார் கிட்ட காட்டினாலும் அவங்களுக்கு பாதி வேலை அதுலயே முடிஞ்சுடும்.

ஸ்டாப் கோட்ல மெமரி மேனேஜ்மென்ட்னே போட்டிருக்கு. அப்ப ரேம்தானே?

ரேமா இருக்க வாய்ப்பு நிறைய, ஆனா அந்தப் பேரை மட்டும் நம்பி கடைக்கு ஓடாதீங்க. 2024 ஜூலை 19 ஞாபகம் இருக்கும், கிரவுட்ஸ்ட்ரைக்ங்கற செக்யூரிட்டி சாஃப்ட்வேர் கம்பெனியோட ஒரு தப்பான அப்டேட்டால உலகம் பூரா சுமார் 85 லட்சம் விண்டோஸ் மெஷின் ஒரே நாள்ல விழுந்துச்சு, நம்ம ஊர் ஏர்போர்ட்ல எல்லாம் போர்டிங் பாஸை கையால எழுதிக் குடுத்தாங்க. அன்னிக்கு நிறைய ஸ்கிரீன்ல வந்த கோட் பேஜ் ஃபால்ட் இன் நான்பேஜ்ட் ஏரியா, கேட்டாலே ரேம் கோளாறு மாதிரி இருக்கும். ஆனா ஒரு ரேம்லயும் கோளாறு இல்ல, மொத்தமும் சாஃப்ட்வேர்.

அதனால ஸ்டாப் கோட் பேரை மட்டும் பாக்காதீங்க, பேட்டர்னைப் பாருங்க. ஒவ்வொரு தடவையும் அதே கோட், அதே டிரைவர் ஃபைல் பேரு, அதுவும் கேம் ஓட்டும்போது மட்டும் இல்லன்னா வைஃபை போடும்போது மட்டும்னா டிரைவரைத்தான் சந்தேகப்படணும். இன்னிக்கு மெமரி மேனேஜ்மென்ட், நாளைக்கு ஐஆர்கியூஎல் நாட் லெஸ் ஆர் ஈக்வல், அடுத்த நாள் சிஸ்டம் சர்வீஸ் எக்ஸப்ஷன், ஒருநாள் சும்மா டெஸ்க்டாப்ல இருக்கும்போது, ஒருநாள் படம் பாக்கும்போது, இப்படி தலையும் காலும் இல்லாம வந்தா அது ரேமோட குணம். ஏன்னா கெட்டுப்போன இடம் ஒண்ணுதான், ஆனா அந்த இடத்துல இன்னிக்கு எந்த ப்ரோக்ராம் வந்து உக்காருதுன்னு சொல்ல முடியாது, யாரு உக்காந்தாங்களோ அவங்க பேர்லதான் பழி விழும்.

இதை சுலபமா பாக்கணும்னா ஸ்டார்ட்ல ரிலையபிலிட்டி ஹிஸ்டரின்னு தேடுங்க, நாள் வாரியா எந்த ப்ரோக்ராம் எப்ப விழுந்துச்சுன்னு சிவப்பு குறியோட காட்டும். இன்னும் உள்ள போகணும்னா சி டிரைவ்ல விண்டோஸ் ஃபோல்டருக்குள்ள மினிடம்ப்னு ஒரு ஃபோல்டர் இருக்கும், அதை நிர்சாஃப்ட் குடுக்குற இலவச ப்ளூஸ்கிரீன்வியூல தொறந்தா எல்லா கிராஷும் வரிசையா வரும்.

கடைல ஃபார்மட் பண்ணா சரியாகிடும்னு சொல்றாங்க. பண்ணலாமா?

வேண்டாம். இப்ப வேண்டாம்.

இது எனக்கு ரொம்ப முக்கியமான விஷயம், ஏன்னா நம்ம பக்கத்துல ஃபார்மட்டுங்கறது காய்ச்சலுக்கு மாத்திரை மாதிரி ஆகிப்போச்சு, என்ன ஏதுன்னு பாக்காம குடுத்துடறாங்க. யோசிச்சுப் பாருங்க, விண்டோஸ் இன்ஸ்டால் ஆகும்போது ஒவ்வொரு ஃபைலும் பென்டிரைவ்ல இருந்து ரேமுக்கு வந்து, ரேம்லயே சுருக்கம் பிரிஞ்சு, அதுக்கப்புறம்தான் டிஸ்க்குக்குப் போகுது. ரேம்ல ஓட்டைன்னா புதுசா போடுற விண்டோஸே சிதைஞ்சுதான் டிஸ்க்ல இறங்கும். பாதில நின்னு ஃபைல் கரப்ட்னு வரும், இல்லன்னா முழுசா முடிஞ்சு ரெண்டு மூணு வாரம் நல்லா ஓடி திரும்ப விழும், நீங்க மறுபடி காசு குடுத்து மறுபடி ஃபார்மட் போடுவீங்க. நல்லா வேலை செஞ்ச பென்டிரைவ்ல இருந்து இன்ஸ்டால் பண்ணும்போதே ஒவ்வொரு தடவையும் வேற வேற இடத்துல எர்ரர் அடிச்சு நின்னா, அதுவே ரேமை டெஸ்ட் பண்ணச் சொல்ற பெரிய அடையாளம்.

கிராஷே ஆகல, ஆனா சின்னச் சின்னதா ஏதோ தப்பா நடக்குது. ரேமா இருக்குமா?

இதுதான் உண்மைலயே பயப்பட வேண்டியது. கிராஷ் ஆனா உங்களுக்குத் தெரியும், கிராஷ் ஆகாம டேட்டா மாறிட்டே இருந்தா யாருக்கும் தெரியாது.

அடையாளம் சொல்றேன். ஜிப் ஃபைலை பிரிக்கும்போது சிஆர்சி எர்ரர் (உள்ள இருக்குற டேட்டா மாறிப்போச்சுன்னு அர்த்தம்) வரும், அதே ஃபைலை இன்னொரு தடவை பிரிச்சா வராது. குரோம்ல டேப் மட்டும் பொத்துனு விழும். பென்டிரைவ்ல காப்பி பண்ண கல்யாண போட்டோவுல பாதிக்கு கீழ சாம்பல் கலர்ல இருக்கும் இல்லன்னா கலர் பட்டையா வரும். டவுன்லோட் பண்ண செட்டப் ஃபைல் கரப்ட்னு சொல்லும், திரும்ப டவுன்லோட் பண்ணாலும் சொல்லும். கணக்கு சாஃப்ட்வேரான டேலி தொறக்கும்போது டேட்டா எர்ரர் காட்டும். டிடிபி கடைல கோரல்டிரா ஃபைல் நேத்து சேவ் பண்ணது இன்னிக்கு தொறக்காது. டிஸ்க்ல எழுதப் போற எல்லாமே ரேம் வழியாத்தான் போகுதுங்கறதை மனசுல வெச்சா இது எல்லாம் ஏன்னு புரிஞ்சுடும்.

இப்படி சந்தேகம் வந்துட்டா அந்த சிஸ்டத்துல வெச்சே பேக்கப் எடுக்காதீங்க, அதுவும் அதே கெட்டுப்போன ரேம் வழியாத்தான் போகும். ஹார்ட் டிஸ்க்கை கழட்டி யூஎஸ்பி அடாப்டர்ல போட்டு இன்னொரு நல்ல கம்ப்யூட்டர்ல மாட்டி எடுங்க. அதுக்கு வழி இல்லன்னா, ரெண்டு ரேம்ல ஒண்ணைக் கழட்டிட்டு டெஸ்ட் பாஸ் ஆன ஒண்ணை மட்டும் வெச்சு எடுங்க. முக்கியமா, பழைய பேக்கப் மேலயே புதுசை எழுதிடாதீங்க, தனி ஃபோல்டர்ல போடுங்க. பழசுதான் நல்லதா இருக்கும்.

ரேம்ல சுத்துற பார்ட்டே கிடையாதே, அது எப்படி கெட்டுப்போகும்?

இப்ப நாம யூஸ் பண்ற டிராம் வகை ரேமை ஐபிஎம்-ல வேலை செஞ்ச ராபர்ட் டென்னார்ட் 1966-ல யோசிச்சாரு, 1968-ல பேடன்ட் கிடைச்சுது. ஒரு பிட்டுக்கு ஒரு டிரான்சிஸ்டர், ஒரு குட்டி கெப்பாசிட்டர், அவ்வளவுதான். அந்த கெப்பாசிட்டர்ல இருக்குற சார்ஜ்தான் ஒண்ணு இல்லன்னா பூஜ்யம், ஆனா அது கசிஞ்சுக்கிட்டே இருக்கும், அதனால டிடிஆர்4 வரைக்கும் வந்த ரேம்ல 64 மில்லிசெகண்டுக்கு ஒரு தடவை எல்லா பிட்டையும் படிச்சு திரும்ப எழுதணும், இதுக்கு ரிஃப்ரெஷ்னு பேரு. ஏதோ ஒரு செல் மத்ததை விட வேகமா கசிஞ்சா அடுத்த ரிஃப்ரெஷ் வர்றதுக்குள்ள ஒண்ணு பூஜ்யமா மாறிடும். சூடு ஏற ஏற கசிவு கூடும், அதனாலதான் சிப் சூடு 85 டிகிரியைத் தாண்டினா ரிஃப்ரெஷை ரெண்டு மடங்கு வேகமா பண்ணணும்னு ஸ்டாண்டர்ட்லயே இருக்கு. மே மாசம் அக்னி வெயில்ல ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட மாடி ரூம்ல மத்தியானம் மட்டும் கிராஷ் ஆகி ராத்திரில ஒழுங்கா ஓடுற சிஸ்டம்ல இந்த மாதிரி பலவீனமான செல் இருக்க வாய்ப்பு உண்டு, எஸ்எம்பிஎஸ்ஸும் சிபியூ (ப்ராசஸர் சிப்) சூடும் கூட அதே நேரத்துலதான் படுத்தும், ரெண்டையும் சேத்துப் பாக்கணும்.

இது அபூர்வம்னு நினைக்காதீங்க. 2009-ல டொரான்டோ யுனிவர்சிட்டியும் கூகுளும் சேந்து கூகுள் சர்வர்ல இருக்குற ரேமை எல்லாம் பாத்தாங்க, வருஷத்துக்கு 8 சதவீதத்துக்கு மேல ரேம் ஸ்டிக்குல எர்ரர் வந்துச்சு. அதுலயும் தற்செயலா ஒரு தடவை வந்துட்டுப் போற எர்ரரை விட, சிப்லயே இருக்குற நிரந்தரக் கோளாறுதான் அதிகம்னு தெரிஞ்சுது. சர்வர்ல ஈசிசி ரேம், அது தப்பை தானே திருத்திக்கும். நம்ம வீட்டு சிஸ்டத்துல அது கிடையாது. புது வகையான டிடிஆர்5 ரேம்ல சிப்புக்குள்ளயே ஈசிசி இருக்குன்னு விளம்பரத்துல போடுவாங்க, அது சிப்புக்குள்ள நடக்குறதை மட்டும்தான் பாக்கும், சிப்புக்கும் சிபியூவுக்கும் நடுவுல போற வழில நடக்குறதுக்கு அது காவல் இல்ல.

இன்னொரு வகையும் இருக்கு. சிப் நல்லா இருக்கும், காண்டாக்ட்தான் கெட்டுப்போயிருக்கும். நம்ம ஏரியாவுல இது ரொம்ப ஜாஸ்தி.

எரேசர் வெச்சு தேய்ச்சா சரியாகிடும்னு சொல்றாங்களே, அது உண்மையா?

காண்டாக்ட் கோளாறா இருந்தா உண்மை. காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் எல்லாம் கடலை ஒட்டினே இருக்கு, காத்துல உப்பும் ஈரமும் எப்பவும் உண்டு, மணலி ரோடு, எண்ணூர் ஹை ரோடு ஓரமா இருந்தா கன்டெய்னர் லாரி கிளப்புற தூசி வேற. தூசி ஈரத்தை இழுத்து வெச்சுக்கும், அது ரேம் மாட்டுற ஸ்லாட்டுக்குள்ள போயி உக்காந்தா காண்டாக்ட் விட்டு விட்டு வரும். ஆன் பண்ணா டிஸ்ப்ளே வராம பீப் பீப்னு அடிக்கறது, ரெண்டு தட்டு தட்டினா வர்றது, 8 ஜிபி இருந்த இடத்துல திடீர்னு 4 ஜிபி காட்டுறது, இதெல்லாம் அந்த வகைதான்.

எப்படி பண்றதுன்னா, ஷட் டவுன் பண்ணி ப்ளக்கையே புடுங்கிடுங்க, அதுக்கப்புறம் பவர் பட்டனை சில செகண்ட் அழுத்திப் புடிங்க, உள்ள மிச்சம் இருக்குற கரண்ட் இறங்கிடும். லேப்டாப்னா பேட்டரி கனெக்டரையும் கழட்டணும். கேபினட்டோட பெயிண்ட் இல்லாத இரும்பைத் தொட்டுட்டு, ரேமை ஓரத்துல மட்டும் புடிச்சு எடுங்க. தங்கக் கலர்ல இருக்குற பல்லை வெள்ளை சாஃப்ட் எரேசரால மெதுவா ஒரே பக்கமா தேய்ங்க, துகளை பிரஷ்ஷால தட்டிடுங்க. அழுத்தித் தேய்க்காதீங்க, அந்த தங்க முலாம் ரொம்ப ரொம்ப மெல்லிசு, அது போயிட்டா அடியில இருக்குறது இன்னும் சீக்கிரமா கருக்கும். மெடிக்கல்லயோ எலக்ட்ரானிக்ஸ் கடைலயோ கிடைக்குற ஐசோபுரோபைல் ஆல்கஹாலை துணில தொட்டு துடைச்சா எரேசரை விட நல்லது. உப்புத்தாள், பெட்ரோல், தண்ணி எதுவும் கிட்டவே வரக்கூடாது. ஸ்லாட்டையும் காஞ்ச சின்ன பிரஷ்ஷால சுத்தம் பண்ணிட்டு, ரெண்டு பக்கமும் க்ளிக்னு சத்தம் வர்ற வரைக்கும் அழுத்தி உக்கார வைங்க. பாதிப் பேருக்கு ஒரு பக்கம் உக்காராம இருக்குறதுதான் பிரச்சனையே.

சுத்தம் பண்ணி கொஞ்ச நாள்லயே திரும்ப வந்தா இடத்தை மாத்துங்க. ஜன்னலுக்கு நேரா, தரைல, பால்கனி பக்கம் கேபினட்டை வைக்காதீங்க.

மெமரி டெஸ்ட் எப்படி பண்றது?

ஸ்டார்ட்ல விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக்னு தேடி ரீஸ்டார்ட் குடுங்க. நீல ஸ்கிரீன்ல ஓட ஆரம்பிச்சதும் எஃப்1 அழுத்தி ஸ்டாண்டர்டுக்குப் பதிலா எக்ஸ்டெண்டட் வெச்சு எஃப்10 குடுங்க. முடிஞ்சதும் ரிசல்ட் கண்ணுல படாம போயிடும், ஈவென்ட் வியூவர்ல சிஸ்டம் லாக்ல மெமரி டயக்னாஸ்டிக்ஸ் ரிசல்ட்ஸ்ங்கற பேர்ல இருக்கும். இது எர்ரர் காட்டினா நம்புங்க. எர்ரர் இல்லைன்னு சொன்னா அப்படியே நம்பாதீங்க, நிறைய கோளாறை இது விட்டுடும்.

நம்பகமானது பென்டிரைவ்ல இருந்து பூட் ஆகுற டெஸ்ட். ரெண்டு இருக்கு. 1994-ல கிறிஸ் பிரேடி எழுதின மெம்டெஸ்ட்86 இப்ப பாஸ்மார்க் கம்பெனி கிட்ட இருக்கு, இலவச வெர்ஷன்ல நாலு பாஸ், அதாவது முழு டெஸ்ட்டும் நாலு சுத்து, ஓடும், வீட்டுக்கு அது போதும். இன்னொண்ணு மெம்டெஸ்ட்86 ப்ளஸ், முழுக்க ஓப்பன் சோர்ஸ், 2022-ல வந்த ஆறாவது வெர்ஷன்ல இருந்து புது பூட் முறையான யூஇஎஃப்ஐ இருக்குற மெஷின்லயும் ஓடும். எதுவா இருந்தாலும் டவுன்லோடையும் பென்டிரைவையும் வேற நல்ல கம்ப்யூட்டர்ல ரெடி பண்ணுங்க, சந்தேகப்படுற மெஷின்ல பண்ணா பென்டிரைவே தப்பா எழுதப்படலாம். செக்யூர் பூட்ங்கற பாதுகாப்பு செட்டிங் பென்டிரைவ்ல இருந்து பூட் ஆகவிடாம தடுத்தா பயாஸ்ல (விண்டோஸுக்கு முன்னாடி வர்ற செட்டிங் ஸ்கிரீன்) கொஞ்ச நேரத்துக்கு அதை ஆஃப் பண்ணுங்க, ஆனா அதுக்கு முன்னாடி டிஸ்க்கைப் பூட்டி வைக்கிற பிட்லாக்கர் ஆன்ல இருக்கான்னு பாத்து ரிக்கவரி கீயை எழுதி வெச்சுக்கோங்க, இல்லன்னா திரும்ப விண்டோஸ் உள்ள விடாது.

ராத்திரி படுக்கும்போது போட்டுட்டுப் படுங்க, காலைல சிவப்பு வரி இருக்கான்னு பாருங்க. கரண்ட் போற ஏரியான்னா யுபிஎஸ்ல வெச்சு ஓட்டுங்க. முதல் பாஸ் சீக்கிரமா முடிஞ்சு எர்ரர் இல்லைன்னதும் நிறுத்திடாதீங்க, மெஷின் சூடான பிறகுதான் சில எர்ரர் வெளிய வரும்.

ராத்திரி பூரா ஓட்டினதுல ஒரே ஒரு எர்ரர்தான். விட்டுடலாமா?

கூடாது. ரேம் டெஸ்ட்ல எர்ரர் பூஜ்யமா இருந்தா மட்டும்தான் பாஸ். 8 ஜிபில கிட்டத்தட்ட 6,870 கோடி பிட் இருக்கு, அதுல ஒண்ணே ஒண்ணு தப்பா போனாலும் அது உங்க கடை கணக்குல ஒரு நம்பரா இருக்கலாம், விண்டோஸ் கெர்னல்ல ஒரு அட்ரஸா இருக்கலாம். கூகுள் ஆராய்ச்சிலயும் ஒரு தடவை எர்ரர் காட்டின ஸ்டிக் திரும்பக் காட்டுற வாய்ப்பு ரொம்ப அதிகம்னுதான் வந்துச்சு.

ஆனா தூக்கிப் போடறதுக்கு முன்னாடி பயாஸ்ல எக்ஸ்எம்பி இல்லன்னா எக்ஸ்போ ஆன்ல இருக்கான்னு பாருங்க. அது ரேமை ஸ்டாண்டர்ட் ஸ்பீடுக்கு மேல ஓட்டுற செட்டிங். ஆஃப் பண்ணிட்டு திரும்ப டெஸ்ட் போட்டு பூஜ்யம் வந்தா, கொஞ்சம் ஸ்பீடு கம்மியா வெச்சு ஓட்டிக்கலாம். பாஸ்மார்க் டெஸ்ட்ல கடைசில ஹேமர் டெஸ்ட்னு ஒண்ணு வரும், ஒரே வரிசையை வேகமா திரும்பத் திரும்ப தொட்டு பக்கத்து வரிசை மாறுதான்னு பாக்குறது, அதுல மட்டும் எர்ரர் வந்தா சாதாரண வேலைக்கு உடனே ஆபத்து இல்ல. மத்த எந்த டெஸ்ட்ல வந்தாலும் ஆபத்துதான்.

ரெண்டு ரேம் போட்டிருக்கேன். எது கெட்டதுன்னு எப்படி கண்டுபிடிக்கறது?

ஒண்ணொண்ணா. முதல் ஸ்டிக்கை மட்டும் ஒரு ஸ்லாட்ல வெச்சு டெஸ்ட், அப்புறம் அதை எடுத்துட்டு ரெண்டாவதை அதே ஸ்லாட்ல வெச்சு டெஸ்ட். நாலு ஸ்லாட் இருக்குற மதர்போர்டுனா ஒத்தை ஸ்டிக்கை பெரும்பாலும் சிபியூ பக்கத்துல இருந்து ரெண்டாவது ஸ்லாட்லதான் போடச் சொல்வாங்க. எர்ரர் ஒரு ஸ்டிக்கோடவே போச்சுன்னா அந்த ஸ்டிக் காலி. எந்த ஸ்டிக்கைப் போட்டாலும் ஒரே ஸ்லாட்ல மட்டும் எர்ரர்னா ஸ்லாட் இல்லன்னா போர்டு. எல்லா ஸ்டிக்கும் எல்லா ஸ்லாட்லயும் எர்ரர்னா ரேமை விட்டுட்டு வேற இடம் பாருங்க, இப்ப வர்ற எல்லா மெஷின்லயும் ரேமை ஓட்டுற மெமரி கன்ட்ரோலர் சிபியூவுக்குள்ளதான் இருக்கு, சிபியூ சாக்கெட்ல ஒரு பின் வளைஞ்சிருந்தாலும், எஸ்எம்பிஎஸ் தள்ளாடினாலும் இப்படித்தான் காட்டும். பொறுமையான வேலைதான், ஆனா இதைப் பண்ணாம ரெண்டு ஸ்டிக்கையும் சேத்து மாத்தறது வீண் செலவு.

லேப்டாப்ல ரேமை போர்டோடயே சால்டர் பண்ணியிருந்தா இது முடியாது, சர்வீஸ் சென்டர் இல்லன்னா சிப் லெவல் பாக்குறவங்கதான்.

பழைய ரேம் கூட புதுசா ஒண்ணு போட்டேன், அதுக்கு அப்புறம்தான் ப்ராப்ளமே ஆரம்பிச்சுது.

புதுசை தனியா, பழசை தனியா டெஸ்ட் பண்ணுங்க. தனித்தனியா பூஜ்யம், சேத்தா எர்ரர்னா ரெண்டும் ஒத்துப்போகல, ரெண்டுல எது ஸ்லோவோ அந்த ஸ்பீடுக்கு பயாஸ்ல இறக்கிப் பாருங்க. பழைய லேப்டாப்காரங்க வோல்டேஜை கவனிங்க, டிடிஆர்3 1.5 வோல்ட், டிடிஆர்3எல் 1.35 வோல்ட், நிறைய லேப்டாப் டிடிஆர்3எல் மட்டும்தான் ஏத்துக்கும். பாக்க ரெண்டும் ஒண்ணாவே இருக்கும், ஸ்லாட்லயும் போயி உக்காரும்.

ரேம் டெஸ்ட் எல்லாம் பாஸ். ஆனாலும் விழுது. இன்னா பண்றது?

அடுத்து எஸ்எம்பிஎஸ். ஸ்கிரீன் எதுவும் வராம பட்டுனு அணைஞ்சு ரீஸ்டார்ட் ஆகுதா, ஈவென்ட் வியூவர்ல கெர்னல் பவர் 41 மட்டும் இருக்கா, அப்ப கரண்ட் சைடுல பாருங்க. வெயில் காலத்துல பக்கத்து வீட்ல ஏசி ஆன் ஆனதும் டியூப்லைட் மங்குதுன்னா உங்க லைன்ல வோல்டேஜ் இறங்குது, லோக்கல் எஸ்எம்பிஎஸ் அதைத் தாங்காது, மேல ஒட்டியிருக்குற வாட்ஸ் நம்பரை நம்பாதீங்க. யார் கிட்டயாவது நல்ல எஸ்எம்பிஎஸ் கடன் வாங்கி ஒரு நாள் மாட்டி ஓட்டிப் பாக்குறதுதான் நேரான டெஸ்ட். போர்டுல கெப்பாசிட்டர் தலை உப்பியிருக்கான்னும் ஒரு டார்ச் அடிச்சுப் பாருங்க.

வியா (WHEA) அன்கரெக்டபிள் எர்ரர்னு கோட் வந்தா ஹார்ட்வேர்தான், சிபியூ சூட்டை முதல்ல பாருங்க, ஃபேன் தூசி, காஞ்சுபோன தெர்மல் பேஸ்ட். டிஸ்க்கை கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோங்கற ப்ரோக்ராம்ல பாருங்க, காஷன்னு மஞ்சள்ல வந்தா டேட்டாவை உடனே எடுங்க. இதெல்லாம் நல்லா இருந்தாத்தான் டிரைவர் பக்கம் போகணும்.

மழைத்தண்ணி கேபினட்டுக்குள்ள போயிடுச்சு. ரேம் பொழைக்குமா?

ஆன் பண்ணாம இருந்தா ரேம் பொழைக்க நல்ல வாய்ப்பு இருக்கு. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் அப்போ கொசஸ்தலை ஆத்துப் பக்கம், எர்ணாவூர், எண்ணூர்ல வீட்டுக்குள்ள வந்த தண்ணில எண்ணெயும் கலந்திருந்துச்சு, அந்த மாதிரி தண்ணி காஞ்சாலும் படலம் அப்படியே இருக்கும், வெறுமனே வெயில்ல காயவெச்சா போதாது. ப்ளக்கைப் புடுங்கி, போர்டுல இருக்குற ரவுண்ட் பேட்டரியையும் எடுத்துட்டு, ரேமை தனியா கழட்டி ஐசோபுரோபைல் ஆல்கஹால்ல பிரஷ் வெச்சு கழுவி நல்லா காயவிடுங்க, அப்புறம் வேற மெஷின்ல போட்டு டெஸ்ட். தண்ணில முங்கின எஸ்எம்பிஎஸ்ஸை திரும்ப உபயோகிக்காதீங்க, உயிருக்கு ஆபத்து. ஹார்ட் டிஸ்க்ல முக்கியமான டேட்டா இருந்தா நீங்களே மாட்டிப் பாக்காம ரிக்கவரி தெரிஞ்சவங்க கிட்ட குடுங்க.

புது ரேம் வாங்க ரிச்சி ஸ்ட்ரீட் போறேன். என்ன பாத்து வாங்கணும்?

விம்கோ நகர், திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டை எங்க ஏறினாலும் அதே ப்ளூ லைன் மெட்ரோல நேரா கவர்மென்ட் எஸ்டேட் இறங்கி நடந்துடலாம். பழைய ஸ்டிக்கை கைல எடுத்துட்டுப் போங்க, வாயால சொன்னா மாத்திக் குடுத்துடுவாங்க. லேப்டாப் டிடிஆர்4-க்கு 260 பின், டெஸ்க்டாப்புக்கு 288, டிடிஆர்5 டெஸ்க்டாப்பும் 288 பின்தான் ஆனா வெட்டு வேற இடத்துல இருக்கும், உள்ள போகாது. 2025 கடைசில இருந்து ரேம் விலை பயங்கரமா ஏறியிருக்கு, அதனால கழட்டின பழைய ஸ்டிக்கை புது கவர்ல போட்டு விக்கிறதும் நடக்கும், பல்லுல கீறல் இருக்கான்னு பாருங்க. பில் கண்டிப்பா வாங்குங்க, அதுல சீரியல் நம்பர் எழுதச் சொல்லுங்க, பெரிய பிராண்ட் ரேமுக்கு பல வருஷ வாரண்டி உண்டு, ஸ்டிக்கர் கிழிஞ்சா அது போச்சு. உங்க பழைய ஸ்டிக்குக்கே வாரண்டி மிச்சம் இருக்கலாம், காசு குடுக்குறதுக்கு முன்னாடி அதைப் பாருங்க. டெஸ்ட்ல எர்ரர் வந்தா மாத்திக் குடுப்பீங்களான்னு முன்னாடியே கேட்டுக்கோங்க, வீட்டுக்கு வந்ததும் அன்னிக்கு ராத்திரியே டெஸ்ட் போடுங்க. சிபியூ-இசட்ங்கற ப்ரோக்ராம்ல எஸ்பிடி டேப்ல (ரேம் தன்னைப் பத்தி சொல்ற விவரம்) கம்பெனி பேரும் ஸ்பீடும் ஸ்டிக்கரோட ஒத்துப்போகுதான்னும் பாத்துடுங்க.

இப்ப வாங்க காசு இல்ல. இதே ரேமை வெச்சு கொஞ்ச நாள் ஓட்ட முடியுமா?

ரெண்டு ஸ்டிக்ல ஒண்ணு நல்லதுன்னா கெட்டதைக் கழட்டிட்டு நல்லதை மட்டும் வெச்சு ஓட்டுங்க, ஸ்லோவா இருந்தாலும் டேட்டா பத்திரம். ஒத்தை ஸ்டிக்தான், அதுல ஒரு சின்ன இடம் மட்டும் கெட்டுப்போயிருக்குன்னா, லினக்ஸ்ல அந்த அட்ரஸை மட்டும் தொடாதேன்னு சொல்லிடலாம், மெம்டெஸ்ட்86 ப்ளஸ்ஸே அதுக்கு வேண்டிய பேட்ராம் பேட்டர்னை (கெட்ட இடத்தோட அட்ரஸ் குறிப்பு) எழுதிக் காட்டும், அதை லினக்ஸை பூட் பண்ற கிரப்போட செட்டிங்ல போடணும். விண்டோஸ்லயும் பிசிடிஎடிட்ங்கற கமாண்ட் வழியா பேட் மெமரி லிஸ்ட் குடுக்க வழி இருக்கு. காலேஜ் பசங்க ப்ராஜெக்ட் முடிக்கற வரைக்கும் ஓட்ட இது உதவும். கடை கணக்கு, ஜிஎஸ்டி, கஸ்டமர் போட்டோ இருக்குற மெஷின்ல இதைப் பண்ணாதீங்க, கெட்டுப்போன இடம் பெருசாகாதுன்னு எந்த உத்தரவாதமும் இல்ல.

நல்ல ரேம் போட்டாச்சு. இப்ப விண்டோஸை என்ன பண்றது?

டெஸ்ட்ல பூஜ்யம் வந்துடுச்சா, அப்பதான் டிஸ்க் பக்கம் கை வைக்கணும். செக் டிஸ்க் கமாண்டை முன்னாடியே ஓட்டக்கூடாது, கெட்ட ரேமோட ஓட்டினா நல்லா இருக்குற ஃபோல்டர் விவரத்தையும் அது தப்பா திருத்திடும். இப்ப அட்மின் கமாண்ட் ப்ராம்ப்ட்ல முதல்ல செக் டிஸ்க், அடுத்து டிஸ்ம் ரீஸ்டோர் ஹெல்த், அதுக்கு அப்புறம் எஸ்எஃப்சி ஸ்கேன்னவ். இந்த மூணும் ஓடி முடிஞ்சும் விண்டோஸ் மக்கர் பண்ணா, இப்ப தாராளமா ஃபார்மட் போடுங்க, இப்பதான் அதுக்கு அர்த்தம் இருக்கு.

விண்டோஸ் திரும்ப போட்டுக்கலாம், உங்க டேட்டாவைத்தான் உக்காந்து பாக்கணும். பிரச்சனை எப்ப ஆரம்பிச்சுதுன்னு எழுதி வெச்ச பேப்பரை எடுங்க, அந்த தேதிக்கு அப்புறம் சேவ் ஆன ஃபைல் எல்லாத்தையும் தொறந்து பாருங்க. டேலில ரிப்பேர் ஓட்டி, மாசக் கடைசி பேலன்ஸை பிரிண்ட் எடுத்த பேப்பரோடயும் பேங்க் ஸ்டேட்மென்ட்டோடயும் ஒப்பிடுங்க. போட்டோவை சின்ன படமா பாத்துட்டு விட்டுடாதீங்க, சின்ன படம் நல்லா இருக்கும், பெருசு பண்ணாத்தான் கீழ்ப்பாதி போனது தெரியும். ஜிப் பேக்கப்பை 7-ஜிப்ல டெஸ்ட் ஆர்கைவ் குடுத்துப் பாருங்க. கிராஷுக்கு முன்னாடி எடுத்த பழைய பேக்கப்பை இந்த வருஷ ஆடிட் முடியற வரைக்கும் அழிக்காதீங்க, பாழான ஃபைலை நீங்க தேடித் தொறக்குறதே அப்போதான்.